சம்பவக்காரர்கள் முதலில்

அந்தச் சிறைக்குள் நன்னடத்தை அலுவலர்களுக்கென்று ஐந்து மேசைகள் போட்டிருந்தார்கள். ஐந்துக்கும் நாற்காலி இருந்தது. நாற்காலியில் ஆள் இருந்தது ஒன்றில் மட்டும்தான். மூத்தவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். இன்னொருவர் முதுகுவலி என்று விடுப்பு எடுத்தார். முதுகு சரியான பிறகும் திரும்பவில்லை. ஒரு பெண் வேலையே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, இப்போது ஒரு செருப்புக் கடையில் மேனேஜராக நிம்மதியாக இருப்பதாகக் கேள்வி. நான்காவது ஆளைத் தலைமை அலுவலகம் இழுத்துக்கொண்டது. அங்கே அவருக்கு என்ன வேலை என்றால், சிறைகளில் ஏன் இவ்வளவு ஆள் பற்றாக்குறை என்று ஆராய்ந்து அறிக்கை தயாரிப்பது. சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள் என்பதால், ஐந்தாவது நாற்காலியில் இருப்பவள் இதை வெளியில் சொல்வதேயில்லை.

மிஞ்சியவள் அவள்தான். கைதிகளுக்கும் காவலர்களுக்கும் அவள் வெறும் ‘மேடம்’. உள்ளே இருப்பவனோடு உட்கார்ந்து பேச வேண்டும். வெளியே போனால் எங்கே தங்குவான், யார் பார்த்துக்கொள்வார்கள், மறுபடி பழைய சகவாசத்துக்குப் போவானா என்று விசாரிக்க வேண்டும். வீட்டைப் போய்ப் பார்க்க வேண்டும். பிறகு விடுதலைக் குழுவுக்குப் பரிந்துரை எழுத வேண்டும். அவள் எழுதாத ஒருவனையும் குழு எடுத்துப் பார்க்காது. குழுவும் மாதத்துக்கு ஒருமுறைதான் கூடும்.

ஒரே மதிலுக்குள் இரண்டு கட்டடங்கள். இருபத்தொரு வயது நிரம்பாதவர்களுக்குச் சின்னக் கட்டடம், மற்றவர்களுக்குப் பெரிய கட்டடம். நடுவில் ஓர் இரும்புக் கேட். சின்னக் கட்டடத்தில் வகுப்பறை உண்டு, மரவேலைக் கூடம் உண்டு, பந்து விளையாட இடம் உண்டு. பெரிய கட்டடத்தில் என்ன உண்டு என்று ஒருமுறை யாரோ ஒரு விருந்தாளி கேட்டதற்கு, கேட்டில் நிற்கும் காவலர், “நேரம் இருக்கு சார், வேணும்ங்கிற அளவுக்கு இருக்கு” என்றாராம். இருபத்தொன்று நிரம்பும் நாளில் தண்டனை பாக்கியிருந்தால் அந்தக் கேட்டைத் தாண்டித்தான் ஆக வேண்டும். அதற்கு முன்னால் விடுதலை கிடைத்தால் தப்பித்தான்.

அவள் காலையில் பெரிய கட்டடம், மதியத்துக்கு மேல் சின்னக் கட்டடம் என்று அல்லாடிக்கொண்டிருந்தாள். அவள் வீட்டுக்குப் போய்ச் சேரும் நேரத்தைப் பார்த்துக் கணவர், “உன்னையும் உள்ள வச்சுக்கிட்டாங்கன்னு நெனச்சேன்” என்பார். முதல் சில நாள் சிரித்தாள்.

பெரிய கட்டடத்துச் சமையல்கூடத்தில் ரொட்டி அடுப்பைப் பார்த்துக்கொள்ளும் ஆயுள் கைதி ஒருவர் இருந்தார். எல்லாருக்கும் அவர் ரொட்டிக்காரர். ஒரு தகராறில் கை மீறிப் போய் ஓர் ஆளைக் கொன்றுவிட்டு வந்தவர். அவருடைய மகன் சின்னக் கட்டடத்தில் இருந்தான். திருடப் போனவர்களுக்கு வண்டி ஓட்டி மாட்டிக்கொண்டவன். அப்பன் ஒரு கட்டடம், பிள்ளை ஒரு கட்டடம். நடுவில் கூப்பிடு தூரம்கூட இல்லை. ஆனால் பெரியவர்களும் இளைஞர்களும் ஒருவரையொருவர் பார்க்கக்கூடாது என்பது விதி. இருவரையும் பார்க்கிற ஒரே ஆள் அவள்தான்.

ஆகவே தினமும் காலையில் ரொட்டிக்காரர் மாவுக் கையோடு வாசலுக்கு வந்து நிற்பார்.

“பையன் எப்படிம்மா இருக்கான்?”

“நல்லா இருக்கான். ஒரு ஸ்டூல் செஞ்சிருக்கான். நாலு காலும் ஒரே உயரம், ஆடவே இல்ல.”

“நெசமாவா? என் கையில செஞ்சா மூணு கால்தான் தரையில நிக்கும்.” சிரித்துவிட்டு உடனே சிரிப்பை விழுங்கிக்கொள்வார். “இந்தப் பக்கம் மட்டும் அவன் வந்துடக் கூடாதும்மா. எனக்கு வேற எதுவும் வேண்டாம். இங்க வந்தான்னா என்னை மாதிரியே ஆகிடுவான். நான் பாத்திருக்கேன், எத்தனையோ பசங்க.”

“வரமாட்டான். நான் இருக்கேன்ல?”

அதை அவள் மனதறிந்துதான் சொன்னாள். அந்தப் பையனுக்குத் தடையென்று ஒன்றுமே இல்லை. சின்னக் கட்டடத்தில் அவனுக்குப் ‘பூனை’ என்று பெயர். நடந்தால் சத்தம் வராது, நின்றால் நிற்பது தெரியாது. சண்டை கிடையாது, வாய் கிடையாது. இருபத்தொன்று நிரம்ப இரண்டு மாதம் இருக்கும்போதே அவன் விஷயத்தைக் கையிலெடுத்தாள். லட்டு மாதிரிக் கேஸ் என்று நினைத்தாள்.

விடுமுறை நாளில், சொந்தச் செலவில் பஸ் ஏறி, அவனுடைய அக்கா வீட்டைப் போய்ப் பார்த்தாள். மாடிப்படிக்குக் கீழே ஒரு சமையலறை, அதை ஒட்டி ஓர் அறை. அக்கா தையல் மிஷினைச் சுவரோரம் தள்ளி வைத்து, மடக்குக் கட்டில் ஒன்றை விரித்துக் காட்டினாள். மெத்தையின் பிளாஸ்டிக் உறையைக்கூடக் கிழிக்கவில்லை.

“வந்தப்புறம் அவனே கிழிக்கட்டும்னு விட்டுட்டேன்” என்றாள்.

அக்காவின் புருஷன் லாரிப் பட்டறையில் வேலை செய்பவர். அவர் முகத்தில் அவ்வளவு வெளிச்சமில்லை. “வரட்டும். பட்டறையில சொல்லி வச்சிருக்கேன். ஆனா இந்த மாசத்துக்குள்ள வந்தாத்தான். முதலாளி வேற ஆள் போட்டுட்டா, அப்புறம் நான் ஒண்ணும் பண்ண முடியாது. வேலை இல்லாம வீட்டுல உக்கார வைக்கவும் முடியாது. பின்னால என்னைக் குத்தம் சொல்லாதீங்க.”

அதில் அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவளும் சொல்லவில்லை.

பாக்கி இருந்தது ஒன்றே ஒன்று. பையனோடு ஒரு தடவை முழுசாக உட்கார்ந்து பேசி, அதை எழுதிக் குழுவுக்கு அனுப்ப வேண்டும். ஒரு மணி நேர வேலை. அந்த ஒரு மணி நேரம்தான் கிடைக்கவில்லை.

ஏன் கிடைக்கவில்லை என்றால், அங்கே இன்னொரு விதி இருந்தது. யாராவது அடிதடி செய்தாலோ, கையை அறுத்துக்கொண்டாலோ, எதையாவது உடைத்தாலோ அதற்குப் பெயர் ‘சம்பவம்’. சம்பவம் செய்தவனை நன்னடத்தை அலுவலர் அன்றைக்கே பார்த்தாக வேண்டும். ஐந்து பேர் இருந்த காலத்தில் அது நல்ல விதிதான். ஒருவர் ஓடினால் மற்ற நால்வர் தங்கள் வேலையைப் பார்ப்பார்கள். ஒரே ஆள் என்றான பிறகு, நாள் முழுவதும் சம்பவக்காரர்கள் பின்னாலேயே ஓட வேண்டியதாயிற்று. சும்மா இருந்தவன் சும்மாவே இருந்தான்.

முதல் முறை பூனையைக் கூப்பிட்டு உட்காரவைத்தபோது, சாப்பாட்டுக் கூடத்தில் தட்டு பறந்தது. இரண்டாம் முறை ஒருவன் போர்வையைக் கிழித்துக் கொளுத்தினான். அவள் எழுந்து ஓடும்போதெல்லாம் பூனை, “பரவால்ல மேடம்” என்பான். மனசுக்குள் அவளும் அதையேதான் சொல்லிக்கொண்டாள். இவனுக்கென்ன, பொறுப்பான், அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம். பொறுமையானவனைத்தான் எல்லாரும் காக்க வைக்கிறார்கள். வீட்டிலும் அப்படித்தான், ஆபீசிலும் அப்படித்தான், ஜெயிலில் மட்டும் வேறு மாதிரியா நடக்கும்?

குழு கூடுவதற்கு முந்தைய வாரம் அவனை நடைவழியில் பார்த்தாள். அவளுக்குப் பின்னாலேயே ஒரு காவலர், “மேடம், சீக்கிரம்” என்று வந்துகொண்டிருந்தார். பூனை சுவரோடு ஒட்டி வழிவிட்டான்.

“மேடம், குழு அடுத்த வாரம்தானே?”

“தெரியும்டா. மறக்கல.”

“அதுக்கடுத்த குழுவுக்குள்ள எனக்கு வயசு ஆகிடும் மேடம்.”

அவன் அவ்வளவு நீளமாகப் பேசி அவள் கேட்டதில்லை. குற்ற உணர்ச்சியாக இருந்தது. குற்ற உணர்ச்சி வந்தால் அவளுக்குக் கிண்டல் வந்துவிடும், அது அவள் சுபாவம்.

“என்ன பண்றது சொல்லு? இங்க கண்ணாடிய உடைக்கிறவனுக்குத்தான் அன்னைக்கே என் தரிசனம். நீ நல்ல பிள்ளையா இருந்து தொலைக்கிற. திங்கட்கிழமை காலையில வா. யார் தலை போனாலும் உன்னோடதான் உக்காருவேன்.”

பின்னால் வந்த காவலர் சிரித்தார். பூனை சிரிக்கவில்லை. சரியென்று தலையாட்டினான்.

திங்கட்கிழமை காலை அவள் நேராகச் சின்னக் கட்டடத்துக்குத்தான் கிளம்பினாள். கேட்டிலேயே மடக்கினார்கள். பெரிய கட்டடத்தில் ஒருவன் ஜன்னல் கம்பியில் தூக்குப் போட்டுச் செத்திருந்தான். யார் தலை போனாலும் என்று சொல்லிவிட்டோமே என்று அந்தக் கணத்தில் அவளுக்கு நினைவு வந்தது. அப்புறம் நினைக்க நேரமில்லை. செத்தவனின் பக்கத்து அறைக்காரர்களோடு பேச வேண்டும், அவனுடைய மனைவிக்குப் போன் பண்ண வேண்டும். அந்தப் பெண் போனில் அழவேயில்லை. “அப்ப நாளைக்கு நான் பாக்க வர வேண்டாமா?” என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டாள். வேண்டாம் என்று ஒவ்வொரு தடவையும் அவள் சொன்னாள். பூனைக்கு ஆள் அனுப்பிச் சொல்ல வேண்டும் என்று ஒருமுறை தோன்றியது. யாரை அனுப்புவது என்று சுற்றிப் பார்த்தாள். எல்லாரும் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

பொழுது சாயும் நேரத்தில் வாக்கி டாக்கி கரகரத்தது. சின்னக் கட்டடம், நேர்காணல் அறை, சம்பவம்.

“யாரு?” என்று கேட்டாள்.

“பூனை மேடம்” என்றது மறுமுனை. “நம்பவே முடியல.”

காலையிலிருந்து அவன் அந்த அறையில் உட்கார்ந்திருக்கிறான். மதியம் சாப்பிட வரச் சொன்னதற்கும் போகவில்லை. மேடம் வந்துவிடுவார்கள் என்றானாம். சாயங்காலம் அறையைப் பூட்ட வேண்டும், எழுந்திரு என்று காவலர் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அவர் நடைவழியின் கோடிக்குப் போகும்வரை காத்திருந்து, யார் மேலும் படாமல், நாற்காலியைத் தூக்கி ஜன்னல் கண்ணாடியில் ஒரே ஒரு அடி. பிறகு நாற்காலியை நேராக நிமிர்த்தி வைத்துவிட்டு, தரையில் உட்கார்ந்து இரண்டு கையையும் தலைமேல் வைத்துக்கொண்டானாம். எல்லாம் சரியாகத்தான் செய்திருந்தான். சத்தம் கேட்டு ஓடிவந்த காவலர் கண்ணாடித் தூளில் வழுக்கி, கையை ஊன்றிவிட்டார். உள்ளங்கை கிழிந்து தையல் போடும்படி ஆகிவிட்டது. காவலர் ரத்தம் ஒரு துளி விழுந்தால்கூட அதற்குக் கணக்கே வேறு.

அவள் போனபோது அவனை வேறோர் அறைக்கு மாற்றியிருந்தார்கள். கையில் விலங்கு. அவளைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது.

“வந்துட்டீங்க மேடம்.”

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“அவருக்குக் கையில பட்டுடுச்சு மேடம். நான் பாக்கவே இல்ல. மன்னிப்புக் கேக்கணும்.” பிறகு, அவள் எதுவும் கேட்பதற்கு முன்னால், பேச ஆரம்பித்தான். மனப்பாடம் பண்ணி வைத்திருப்பான் போல. வண்டி ஓட்டிய அன்று என்ன நடந்தது, யார் கூப்பிட்டார்கள், ஏன் மாட்டேன் என்று சொல்லவில்லை, அந்தத் திருட்டில் அடிபட்ட வீட்டுக்காரரின் முகம் எப்படி இருந்தது, பட்டறையில் முதல் சம்பளம் வந்தால் என்ன செய்வான், பழைய கூட்டாளிகள் தேடி வந்தால் என்ன சொல்வான். ஊமை மாதிரி இருந்த பையன், ஒன்றை விடாமல், பொய் கலக்காமல் சொன்னான். இத்தனை வருட உத்தியோகத்தில் இப்படி ஒரு நேர்காணலை அவள் பார்த்ததில்லை. இதை அப்படியே எழுதிக் கொடுத்திருந்தால் குழு எழுந்து நின்று கதவைத் திறந்துவிட்டிருக்கும். அவள் குறுக்கே பேசவில்லை. பேனாவையும் எடுக்கவில்லை.

“போதுமா மேடம்? குழுவுக்கு எழுதிடுவீங்கல்ல?”

“ஏண்டா இப்படிப் பண்ணின?”

அவன் குழம்பிப் போனான். “நீங்கதானே மேடம் சொன்னீங்க. உடைக்கிறவனைத்தான் அன்னைக்கே பாப்பேன்னு. இன்னைக்கு விட்டா எழுத நேரம் இல்லையே.”

“அது… நான் சும்மா சொன்னது.”

“சும்மாவா?”

இதை எப்படிச் சொல்வது? சம்பவம் ஒன்று பதிவானால் ஆறு மாதத்துக்குக் குழு அவன் பெயரையே எடுக்காது என்பதை அவள் சொல்லித்தான் ஆகவேண்டும். சொன்னாள். அவன் கையிலிருந்த விலங்கைப் பார்த்தான். அழுவான், கத்துவான், மேசையை எட்டி உதைப்பான், எதையாவது செய்தால் தேவலை என்று அவள் இருந்தாள். அவன், “பரவால்ல மேடம்” என்றான்.

அவள் நேராகக் கண்காணிப்பாளரிடம் போனாள். அவர் கெட்ட மனிதர் இல்லை. அந்த நாளில் ஒரு சாவு, ஒரு சம்பவம், இரண்டையும் தலையில் சுமந்துகொண்டு ஆறிப்போன டீயின் முன்னால் உட்கார்ந்திருந்தார்.

“அவன் கலாட்டா பண்ணல சார். நான் சொன்ன வழியில என்னைக் கூப்பிட்டிருக்கான். என் வாய்தான் காரணம். அப்படியே எழுதப் போறேன்.”

“எழுதுங்க. எழுதினா உங்களை சஸ்பெண்ட் பண்ணச் சொல்லுவாங்க. அப்புறம் ரெண்டு கட்டடத்துக்கும் யாரு இருக்கா? உங்க நாற்காலிய உக்கார வைக்கலாமா?”

“அதுக்காக?”

“அதுக்காக ஒண்ணும் இல்லம்மா. நீங்க எழுதினாலும் அவனுக்கு ஒண்ணும் ஆகப் போறதில்ல, அதைத்தான் சொல்றேன். காவலருக்குக் காயம். அதை யாராலயும் அழிக்க முடியாது.”

அவள் எழுதினாள். ஒரு வார்த்தை மாற்றாமல், நடைவழியில் தான் அடித்த கிண்டலையும் சேர்த்து எழுதினாள். குழு அதைப் படித்தது. அலுவலரின் பேச்சு பொறுப்பற்றது என்று ஒரு வரி எழுதியது. சம்பவம் சம்பவம்தான் என்று இன்னொரு வரி எழுதியது. தலைமை அலுவலகத்திலிருந்து அவளுக்குக் கண்டிப்பு ஓலை வந்தது. சஸ்பெண்ட் செய்யவில்லை. செய்தால் அந்த இடத்துக்குப் போட ஆளில்லை என்பது அவர்களுக்கும் தெரியும். அவள் வாய் செய்த தப்பு அந்த ஓலையோடு போயிற்று, அவன் கை செய்த தப்புக்குக் காவலரின் காயத்தையும் சேர்த்துத் தண்டனையில் வருடங்கள் கூடின. நாலு பேர் வேலையை ஒருத்தி தலையில் கட்டியவர்களைப் பற்றி எவரும் எந்த வரியும் எழுதவில்லை. அந்த ஆத்திரத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியாமல், அன்று வீட்டில் ஒரு பீங்கான் கிண்ணத்தைச் சுவரில் விட்டெறிந்தாள். கணவர் வந்து பார்த்தார், துண்டுகளைப் பொறுக்கினார்.

அக்காவுக்குப் போன் செய்தாள். பட்டறையில் வேறு ஆள் போட்டுவிட்டார்கள். கட்டிலை மடக்கிவிட்டதாக அக்கா சொன்னாள். தையல் மிஷின் ஓடும் சத்தம் கேட்டது. அக்கா பேசும்போதும் அதை நிறுத்தவில்லை.

ரொட்டிக்காரரிடம் சொல்வதுதான் மிகவும் கஷ்டமாக இருந்தது. வேறு யாரோ சொல்லி அவர் காதில் விழுவதைவிடத் தானே சொல்வது மேல் என்று போனாள். தன் கிண்டல் உட்பட எல்லாவற்றையும் சொன்னாள். அவர் மாவு பிசைந்துகொண்டே கேட்டார். முடிந்த பிறகும் பிசைந்துகொண்டேயிருந்தார். அடுத்த நாள் காலை அவர் வாசலுக்கு வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை திட்டினால் தேவலையே என்று தினமும் அந்த வாசலைக் கடந்து போனாள்.

பூனைக்கு இருபத்தொன்று நிரம்பியது. அவனைக் காலையிலேயே அழைத்து வந்தார்கள். கையில் துணிமூட்டை, ஸ்டூலைக் கொண்டுவரக் கூடாது என்று வாங்கி வைத்துக்கொண்டார்கள். அவள் கேட்டருகே போய் நின்றாள். நின்று என்ன செய்யப் போகிறோம் என்று தெரியவில்லை, ஆனால் நிற்காமல் இருக்க முடியவில்லை. அதே நேரம் சின்னக் கட்டடத்துக்குப் போகும் ரொட்டித் தட்டுகளைத் தள்ளிக்கொண்டு ரொட்டிக்காரர் வந்தார். தட்டுவண்டியைத் தள்ளுவது அவர் வேலையே இல்லை. கேட் காவலர் அந்த நேரம் பார்த்து சாவிக் கொத்தில் ஏதோ தேட ஆரம்பித்தார், வெகுநேரம் தேடினார்.

அப்பனும் பிள்ளையும் ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள். கேட் திறந்தது. பூனை சத்தமில்லாமல் இந்தப் பக்கம் வந்தான். இரண்டு பேரும் தொட்டுக்கொள்ளவில்லை, தொடக் கூடாது. “சாப்பிட்டியா?” என்று அவர் கேட்டார். “இல்லப்பா” என்றான் அவன். காவலர்கள் அவனை உள்ளே நடத்திப் போனார்கள்.

ரொட்டிக்காரர் அவன் போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, பல நாட்களுக்கு அப்புறம், அவளிடம் பேசினார்.

“என்னைவிட உசரமா வளந்துட்டான், பாத்தீங்களா?”

“பாத்தேன்.”

“நான் உள்ள வரும்போது என் நெஞ்சு வரைக்கும்தான் இருந்தான்.” தட்டுவண்டியின் கைப்பிடியை மாவுக் கையால் துடைத்தார். “இந்தப் பக்கம் வரக் கூடாதுன்னு உங்களைக் கெஞ்சினவன் நான். இன்னைக்கு அவன் வர்றதைப் பாக்குறப்போ சந்தோஷமா இருந்துச்சும்மா. இதுக்கு என்னைச் செருப்பாலயே அடிக்கணும்.”

அவள் திட்டுக்குத் தயாராக இருந்தாள், சாபத்துக்குக்கூடத் தயாராக இருந்தாள். இதற்குத் தயாராக இல்லை. கண்ணீர் பொங்கிக்கொண்டு வந்தது, அவள் மறைக்கவில்லை.

“ஒண்ணு கேக்கட்டுமாம்மா?” என்றார் அவர். “அவனை என் ப்ளாக்குலயே போட முடியுமா? என் கண்ணு முன்னாடி இருந்தா கொஞ்சம் பாத்துக்குவேன். நீங்க ஒரு வார்த்தை எழுதினா போதும்னாங்க.”

அவள் அப்படியே நின்றவாக்கில், சுவரில் தாளை வைத்து எழுதினாள். அதற்கு வீட்டைப் போய்ப் பார்க்க வேண்டாம், உட்கார்ந்து பேச வேண்டாம், குழு கூட வேண்டாம். கண்காணிப்பாளர் நடைவழியிலேயே வாங்கிப் படித்துக் கையெழுத்துப் போட்டார். அந்த வருடம் முழுவதும் அவள் எழுதிய பரிந்துரைகளில் கொடுத்த அன்றைக்கே நிறைவேறியது அது ஒன்றுதான்.